ஸ்டிக்கரோடு வந்த வெள்ளி

மூன்றாவது டிஸ்க்கும் கறுப்பிலேயே நின்றுவிட்டது. முதலில் வெள்ளைத் திரை, பெரிய மணியைத் தண்ணிக்குள் வைத்து யாரோ அடித்த மாதிரி அந்தச் சத்தம், லோகோ, அப்புறம் கறுப்பு. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். டிவியோடு மாட்டிய பழைய கேம் பெட்டிக்குள் லென்ஸ் டிக் டிக்கென்று தேடுகிறது, கொஞ்ச நேரம் சும்மா கிடக்கிறது, திரும்ப டிக் டிக், சுவரில் பல்லி சொல்கிற மாதிரி. டிவியில் என் முகம்தான் தெரிகிறது. மணி மூன்று ஐந்து. நாலு பத்துக்கு வேன் வரும். வேனிலிருந்து ரெஜிஸ் இறங்குவான். ரெஜிஸ் என் அண்ணன், இருபத்தொரு வயது, எண்பத்தாறு கிலோ, பேச்சு என்று பார்த்தால் ஒரு முப்பது வார்த்தை. காலையில் அவன் மாதிரி ஆட்களுக்கான சென்டருக்குப் போவான், அங்கே மெழுகுவர்த்தி பேக் பண்ணுவான், சாயங்காலம் மாடி ஏறி வந்து செருப்பை ஒட்டி வைத்து, கால் கழுவி, சிவப்புப் பாயில் உட்கார்ந்து, தன் கையாலேயே பவர் பட்டனை அமுக்குவான். அமுக்கினால் கேம் ஓட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்பது. பதினோரு வருஷமாக அது ஓடியிருக்கிறது. இன்றைக்கு ஓடாது, ஏனென்றால் காலையில் நான் அதைக் கெடுத்துவிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் ஐந்து நிமிஷம். இல்லை, இப்போது நாலு நிமிஷம். கையில் வேர்வை, டிஸ்க் விளிம்பு வழுக்குகிறது, இதையும் கீழே போட்டால் மிச்சம் ஒன்றுதான்.

ஸ்டிக்கரைத் தொட்டிருக்கக் கூடாது. எத்தனை தடவை இதையே நினைக்கிறேன், நினைத்தால் வெள்ளி திரும்ப ஒட்டிக்கொள்ளுமா? சென்டரில் அவன் சாமான் எல்லாவற்றிலும் பேர் ஒட்டச் சொன்னார்கள், டிபன் பாக்ஸ், பாட்டில், நாப்கின் பை. அம்மா ஒரு தாள் நிறைய 'ரெஜிஸ் அ.' என்று அடித்துக்கொண்டு வந்தது, அதில் ஒன்றை உரித்து அவனே கேம் டிஸ்க்கின் மேல் ஒட்டிவிட்டான். அவனுடையதுதானே, ஒட்டினான், சரியாகத்தான் ஒட்டினான். ஒரு வாரமாக டிஸ்க் சுற்றும்போது கரகரவென்று சத்தம், லோடிங்கில் நின்று நின்று வந்தது, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவன் தொடையில் தட்ட ஆரம்பிப்பான், நான் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் ஸ்டிக்கர் இருப்பதால் ஆடுகிறது என்று நான்தான் கண்டுபிடித்தேன். பெரிய கண்டுபிடிப்பு. காலையில் வேன் போனதும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி ஒரே இழுப்பு. நனைத்து உரித்திருக்கலாம், மெதுவாக உரித்திருக்கலாம், எனக்கு எதுவும் மெதுவாக வராது. ஸ்டிக்கர் வந்தது, அதன் பின்பக்கம் பளபளவென்று டிஸ்க்கின் வெள்ளிப் பூச்சும் வந்தது. டிஸ்க்கை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டி தெரிகிறது. அந்தப் பக்கம் ஆள் தெரிகிற டிஸ்க்கில் என்ன கேம் இருக்கும்? ஸ்டிக்கரை அப்படியே திரும்ப வைத்து அழுத்தினேன். அழுத்தினேன், சத்தியமாக, கட்டைவிரலால் ஐந்து நிமிஷம், எச்சில் தொட்டுக்கூட.

ஹக்கீம் பாய் கடைக்கு ஓடினேன். பாலக்கரையில் செல்போன் சர்வீஸ், டிஸ்க் எழுதுகிற டிரைவ் வைத்த கம்ப்யூட்டர் எனக்குத் தெரிந்து அவரிடம் மட்டும்தான் இருக்கிறது, ரேஷன் கடைத் தராசு மாதிரி ஒரு பழைய பெட்டி. டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார். "கீழ் பக்கம் ஒரு கீறல்கூட இல்ல பாய், நல்லாத்தான் இருக்கு" என்று நான் சொல்கிறேன். அவர் அந்த ஓட்டை வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்க்கிறார். "அடேய், லென்ஸு கீழ இருந்து பாக்கும். ஆனா சரக்கு மேலதான்டா இருக்கு, அந்த வெள்ளிக்கு அடியில. நீ ஸ்டிக்கரையா பிச்ச? கேமையே பிச்சுட்டு வந்திருக்க." அப்பா வாங்கியதே காப்பி டிஸ்க்தானாம், கடையில் எழுதி விற்றது, அதில் வெள்ளி வெங்காயச் சருகு மாதிரி இருக்குமாம். எனக்கு இத்தனை நாள் இது தெரியாது. பதினோரு வருஷமாக தினமும் தொட்டுத் துடைக்கிற சாமான், எந்தப் பக்கம் உயிர் இருக்கிறது என்று தெரியாது. நெட்டில் அதே கேம் கிடைத்தது, அதே மஞ்சள் கார், தூசி பிடித்த வெத்து டிஸ்க் நாலு அவரே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் டிஸ்க்கில் ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு எழுதிவிட்டேன், பாட்டு ஏற்றுகிற மாதிரி. "சோத்துப் பானையோட முழுங்குனா பசியாறுமா? இமேஜா எழுதுடா, இமேஜா, ஃபைல பிரிச்சு உள்ள இருக்கிறத டிஸ்க்குல எறக்கு. நீயெல்லாம் கெமிஸ்ட்ரியில பெயில் ஆனது ஆச்சரியமே இல்ல." இரண்டாவதை இமேஜாக எழுதினேன், ஆனால் இருக்கிறதிலேயே அதிக வேகத்தில். குறைந்த வேகத்தில் எழுது, பழைய லென்ஸுக்கு அப்போதுதான் பிடிபடும் என்று சொல்லிவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார். இருபது நிமிஷம் யார் உட்கார்ந்திருப்பது? அவர் திரும்பி வந்து டிஸ்க்கைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்தார். "சொன்னா கேக்குற வழக்கமே இல்லையாடா உனக்கு, கிளமெண்டு?" மூன்றாவதையும் நாலாவதையும் அவர் பக்கத்தில் உட்கார வைத்துக் குறைந்த வேகத்தில் எழுத வைத்தார். எழுதி முடிய மணி இரண்டேமுக்கால் ஆனது. வீட்டுக்கு வந்து மாட்டினால், கறுப்பு.

ரெஜிஸ் அந்த கேமை விளையாடுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது. மஞ்சள் காரை எடுப்பான். மூன்றாவது வளைவு தாண்டி ஒரு பாலம் வரும், அங்கே நிறுத்திவிடுவான். மற்ற கார் எல்லாம் விர் விர்ரென்று போகும், அவன் பார்க்கவே மாட்டான். கொஞ்ச நேரத்தில் மலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கோடு போட்ட பலூன் ஒன்று கிளம்பி, பாலத்துக்கு மேலாக மெதுவாகப் போய் மறையும். "டாட்டா" என்பான். திரும்ப வரும். "டாட்டா." பன்னிரண்டு தடவை, சில நாள் பதிமூன்று. முடிந்ததும் அவனே ஆஃப் பண்ணிவிட்டு சாப்பிடக் கேட்பான். சின்ன வயதில் எனக்கு இதைப் பார்த்தால் எரியும், ஓட்டுடா ஓட்டுடா என்று கத்துவேன், கன்ட்ரோலரைப் பிடுங்கியிருக்கிறேன், ஒரு தடவை ஜெயித்துக்கூடக் காட்டினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன வருஷம் டிவி எரிந்துபோன அன்றைக்குத்தான் அந்த பலூன் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது. முதலில் தொடையில் தட்டினான். அப்புறம் காதில் தட்டினான். அப்புறம் பாத்ரூம் இரும்புக் கதவுக்குப் போய் நெற்றியால். அந்தச் சத்தத்தை நான் சொல்ல மாட்டேன். அம்மா நடுவில் கையைக் கொடுத்தது, கதவுக்கும் நெற்றிக்கும் நடுவில், இரண்டு விரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது, அந்தக் கையோடுதான் ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா அடிக்கிறது. நான் என்ன செய்தேன்? சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நின்றேன். பதினாறு வயது, மீசை, அங்கே நின்றேன். கீழ்வீட்டு அக்கா படியில் நின்று, "மேல யாரையாவது வெட்டுறீங்களா?" என்று கத்தியது. அவனுக்கு ஆறு தையல். அப்பா அன்றைக்கு நாக்பூரில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார், இன்றைக்கும் லாரி அந்தப் பக்கம்தான். நான் பிளஸ் ஒன் பாதியில் நின்றது அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் என்று ஹக்கீம் பாயைத் தவிர எல்லோரிடமும் சொல்கிறேன். பொய். கெமிஸ்ட்ரியில் பதினொன்று, அதை வீட்டில் காட்டுவதற்கு முன்னால் அண்ணன் நெற்றியில் ரத்தம் வந்தது, அம்மாவே "நீ வீட்ல இருக்கியாடா?" என்று கேட்டது, நான் சரி என்றேன். உடனே சரி என்றேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட.

மூன்று இருபத்திரண்டு. பாய்க்கு போன் போட்டேன். லோகோ வரைக்கும் வருகிறது என்றால் டிஸ்க் சரிதான், லென்ஸ் கண் மங்கிப்போயிருக்கு என்றார். பெட்டியைக் கழற்றினால் லென்ஸ் பக்கத்தில் எள் அளவுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்குமாம், அதைத் திருப்பினால் வெளிச்சம் கூடும். "மொதல்ல இப்ப எங்க நிக்குதுன்னு பேனாவால ஒரு கோடு போட்டு வச்சுக்க. அப்புறம் மசிரளவு திருப்பு. கூடிப்போச்சுன்னா லென்ஸு செத்துரும், அதுக்கப்புறம் நான் இல்ல, ஆண்டவனே வந்தாலும் ஒண்ணும் ஆகாது. கேக்குதா? கோடு!" கேட்டது, பாய். பேனா தேடினேன். படிப்பை விட்டவன் வீட்டில் பேனா எங்கே இருக்கும்? காலண்டர் ஆணியில் ஒன்று தொங்கியது, எழுதவில்லை, உதறினேன், எழுதவில்லை, மூன்று இருபத்தெட்டு, மை இல்லாத பேனாவை உதறிக்கொண்டு நிற்கிறேன், மேலே கீழ்வீட்டு மாவு மெஷின் சத்தம், இல்லை, கீழே, எல்லாமே தலைக்குள்தான் கேட்கிறது. கோடு போடாமலே திருப்பிவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டதும் அது வெண்ணெய் மாதிரி நழுவியது, மயிரளவா, நெல்லளவா, தெரியவில்லை. இப்போது திரும்பிப் போகிற வழியும் கிடையாது. முன்னால் எங்கே இருந்தது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. மூடினேன், மாட்டினேன், லோகோ, கறுப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தரை சில்லென்று இருந்தது. ஓடிவிடலாமா என்று நினைத்தேன். நிஜமாக. செருப்பைப் போட்டு, பஸ் ஏறி, மணப்பாறையில் மாமா வீடு. வேன் வந்து ஹாரன் அடிக்கும், ஆள் வராது, டிரைவர் அண்ணன் அவனைப் படியில் விட்டுவிட்டுப் போவார், அவன் தன் கையாலேயே பட்டனை அமுக்குவான், தனியாக. தனியாக என்று நினைத்த இடத்தில் நினைப்பு நின்றுவிட்டது, டிஸ்க் நிற்கிற மாதிரி.

பாய் கடைசியில் ஒன்று சொல்லியிருந்தார், கிண்டலாகச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். "எதுவுமே ஆகலன்னா கவுத்துப் போட்டுப் பாரு. உன்ன இல்லடா, பெட்டிய." லென்ஸ் ஓடுகிற தண்டவாளம் பிளாஸ்டிக், வருஷக்கணக்கில் தேய்ந்து லென்ஸ் கீழே தொங்கிப்போய்விடும், பெட்டியைக் கவிழ்த்தால் அதுவே டிஸ்க் பக்கம் வந்து விழும். நாலாவது டிஸ்க்கைப் போட்டேன். மூடினேன். மூடி திறந்துகொள்ளாமல் பிடித்து, பிள்ளையைக் குப்புறப் போடுகிற மாதிரி மெதுவாகத் திருப்பி வைத்தேன். பவர் பட்டன் அடிப்பக்கம் போய்விட்டது, விரலைக் கீழே விட்டு அமுக்கினேன். வெள்ளை. மணிச் சத்தம். லோகோ. கறுப்பு. கறுப்பு. பிறகு பாட்டு. ஐயோ, அந்தக் கேவலமான பாட்டு, பதினோரு வருஷமாகக் காதைப் பொத்திக்கொண்ட பாட்டு, மஞ்சள் கார் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. அழுதேன், அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. மூன்று முப்பத்தொன்பது. மூன்றாவது வளைவு வரை நானே ஓட்டிப் பாலத்தில் நிறுத்தினேன். பலூன் வந்தது. வாய் தானாக டாட்டா என்றது. சொன்ன அந்த நிமிஷமே பெட்டியைப் பார்த்தேன், பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது, எழுந்து போயிருந்த இடம் இன்னும் சூடாகத்தான் இருந்திருக்கும். பெட்டி மல்லாந்து கிடக்கிறது, நாலு ரப்பர் காலும் மேலே, செத்த கரப்பான் மாதிரி. அவன் இதை எப்படி விடுவான்? தண்ணி ஃபில்டரை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றினதற்கே ராத்திரி எழுந்து முழுத் தண்ணியோடு தூக்கி இடது பக்கம் வைத்தவன். வருவான், பார்ப்பான், பட்டன் இருக்கிற இடத்தில் பட்டன் இருக்காது. தூக்கி நிமிர்த்துவான். சுற்றிக்கொண்டிருக்கும்போது நிமிர்த்தினால் கிறீச்சென்று டிஸ்க் உரசும், வட்டமாக ஒரு கோடு விழும், அதோடு நாலாவதும் முடிந்தது. ஐந்தாவது கிடையாது. அப்புறம் தொடை, அப்புறம் காது, அப்புறம் கதவு.

அம்மாவுக்கு போன் பண்ணியே ஆக வேண்டியிருந்தது. கம்பெனியில் போன் எடுக்க விட மாட்டார்கள், மிஸ்டு கால் பார்த்து பாத்ரூமுக்குள் போய்த் திரும்பக் கூப்பிட்டது, பேசுவது எதிரொலித்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டிக்கர், வெள்ளி, கவிழ்த்தது. "நீ ஏன்டா அதுல கைய வச்ச?" என்றது. "கைய வைக்காம உன்னால இருக்கவே முடியாதாடா?" போனில் குழாய்த் தண்ணி சொட்டுகிற சத்தம் கேட்டது. "சரி. நான் ஆறு மணிக்கு முன்னாடி வர முடியாது, சூப்பர்வைசர் கேட்லயே நிக்கிறான். மாதா படத்துக்குப் பின்னாடி டாக்டர் குடுத்த மாத்திரை இருக்குல்ல. பாதி உடைச்சுப் பொடி பண்ணு. பிரிட்ஜ்ல பால் இருக்கு, ரோஸ் மில்க்ல கலந்துரு. செருப்ப கழட்டுறதுக்கு முன்னாடியே கையில குடுத்துரு, டிவி பக்கமே விடாத. உன் கையால குடுத்தாதான் குடிப்பான்." போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்று சொன்னது. "என்னால இன்னொரு தடவை அந்தச் சத்தத்தக் கேக்க முடியாதுடா, கிளமெண்டு."

பொடி பண்ணுவது எனக்குத் தெரியும். அந்த டிவி எரிந்த வாரத்தில் நான்தான் பண்ணினேன், கரண்டியின் முதுகால், கடைசித் துகள் வரைக்கும். "ஜூஸுடா ரெஜிஸு" என்றேன். வாங்கினான், குடித்தான். கால் மணி நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே சரிந்தான், கண் பாதி திறந்தபடி, வாயோரம் வழிய, சிவப்புப் பாய் நனைந்துபோனது அவனுக்கே தெரியவில்லை. எழுந்தபோது தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான், வேறு யாருடைய கையோ என்பது மாதிரி. அடி இல்லை, ரத்தம் இல்லை, வீடு அமைதியாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் நான் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்தான். தண்ணியைக்கூட. தோசையைக் கிழித்து உள்ளே பார்த்தான். அம்மா கொடுத்தால் முகரவில்லை, அப்பா கொடுத்தால் முகரவில்லை, நான் கொடுத்தால் மட்டும். நான் மாத்திரை போட்டேன் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை, முப்பது வார்த்தையில் மாத்திரை என்று ஒன்று கிடையாது. ஒரு நாள் சுண்டல் கொடுத்தேன், முகராமல் வாயில் போட்டுக்கொண்டான், அன்றைக்கு நான் மொட்டை மாடிக்குப் போய் ரொம்ப நேரம் நின்றேன். அம்மா சொல்வது தப்பு என்று சொல்லவில்லை. அம்மாவின் விரல் எனக்குத் தெரியும். ஆனால் கெடுத்தது நான், தூங்கப்போவது அவனா? இப்படிக் கேட்டால் நல்ல பையன் மாதிரி இருக்கிறது. நான் நல்ல பையன் இல்லை, எனக்கு அவனைப் பார்த்தால் பயம், இந்த நிமிஷமும் பயம், அந்த எண்பத்தாறு கிலோவும் படியில் ஏறி வருவதை நினைத்தால் பயம். மாத்திரை போட்டால் பயம் போய்விடும். கால் மணி நேரத்தில் போய்விடும். என் பயம்தான், அவனுடையது இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. பாத்ரூம் கதவில் மெத்தையைச் சாய்த்துக் கட்டினேன், கொடிக்கயிற்றால், கையெட்டுகிற உயரம் வரைக்கும். பெட்டியை அப்படியே கவிழ்த்தபடி விட்டேன், ஓடட்டும். கார் பாலத்தில் நிற்கட்டும். அவன் உள்ளே வரும்போது பலூன் போய்க்கொண்டிருந்தால் முதலில் எதைப் பார்ப்பான், பலூனையா பெட்டியையா? தெரியாது. நிமிர்த்த வந்தால் கையைப் பிடிப்பேனா, விடுவேனா? தெரியாது. கெடுத்தது நான்தான் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஓட்டை விழுந்த டிஸ்க்கை எடுத்துக் காட்டுவேன், என்னைக் காட்டுவேன், நான், நான் என்று நெஞ்சில் தட்டிக்காட்டுவேன், அடிக்க வேண்டுமென்றால் கதவை விட்டுவிட்டு என்னை அடிக்கட்டும். சமையலறைப் பக்கம் போகும்போது சிலிண்டரைப் பார்க்காமல் போனேன். பால் எடுத்தேன், சிரப் ஊற்றினேன், கரண்டியால் கலக்கினேன். தெருமுனையில் வேன் திரும்புகிற சத்தம். ஹாரன். டிரைவர் அண்ணன் குரல், "மெதுவா, ரெஜிஸ் சார், மெதுவா, படி இருக்கு." கீழ்ப்படியில் முதல் காலடி. அரை மாத்திரையைப் பொடி பண்ணி ரோஸ் மில்க்கில் கலந்து, அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கையில் கொடுக்கச் சொல்லியிருந்தது அம்மா. ரோஸ் மில்க்கை மட்டும் கலந்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.